கட்டடங்களுக்கு நிரல் எழுதுகிறவர்கள்

மலாக்கா பண்டார் ஹிலிருக்குப் போய்வந்த மாணவர்கள் யாரும் மெனாரா தாமிங் சாரியைப் பார்க்காமல் திரும்பியிருக்க மாட்டீர்கள். 110 மீட்டர் உயரக் கோபுரம். ஆட்களை ஏற்றிக்கொண்டு சுழன்றபடியே மேலே போகும் வட்டக் கூண்டு. அந்தக் கோபுரம் முதலில் வேறோர் இடத்தில் எழுவதாக இருந்தது என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. 2006-இல் அங்கே வேலை தொடங்கியபோது மண்ணுக்கடியில் பழைய கோட்டைச் சுவர் தட்டுப்பட்டது. டச்சுக்காரர் காலத்து மிடல்பர்க் கொத்தளத்தின் மிச்சம் அது. கோபுரம் இடம் மாறியது. கொத்தளத்தின் ஒரு பகுதியைப் பிறகு மீண்டும் எடுத்துக் கட்டினார்கள். இன்று இரண்டையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம்.

ஒரு வரைபடம் எவ்வளவு அழகாக இருந்தாலும், யாரோ ஒருவர் அதற்குள் போட்டு வைத்தது மட்டும்தான் அதில் இருக்கும். போடாதது மண்ணுக்குள் காத்திருக்கும். காகிதத்தில் வரைந்தாலும் கணினியில் வரைந்தாலும் இதே கதைதான். ஆனால் கணினி வந்த பிறகு இந்தச் சங்கதியில் இன்னொருவரும் சேர்ந்துகொண்டார். வரைபவர் சொல்வதை வாங்கி, அதைச் சுவராகவும் தூணாகவும் புரிந்துகொண்டு, கணக்கும் போட்டுத் தரும் மென்பொருளை எழுதிய நிரலாளர் அவர். அவரைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறோம்.

எஸ்பிஎம் முடித்ததும் "ஆட்டோகேட் படிக்கப் போகிறேன் டீச்சர்" என்று ஒவ்வோர் ஆண்டும் சில மாணவர்கள் சொல்வார்கள். நல்ல முடிவுதான். திட்டப்படம் வரைபவருக்கு வேலை உண்டு. ஆனால் ஆட்டோகேட்டைப் பயன்படுத்துவது ஒரு தொழில்; ஆட்டோகேட் போன்ற ஒன்றை உருவாக்குவது வேறொரு தொழில். பால்மரம் சீவுபவரும், அந்தக் கத்தியை வடித்துக் கொடுத்த கொல்லரும் ஒருவரல்லவே. ஜாசின் பக்கத்துத் தோட்டத்திலோ பூலாவ் செபாங்கிலோ மஸ்ஜித் தானாவிலோ இருக்கும் ஒரு மாணவருக்கு முதல் தொழில் கண்ணில் படுகிறது. இரண்டாவது தொழில் இருப்பதே தெரிவதில்லை. தெரியாத வேலைக்கு யார் விண்ணப்பம் போடுவார்கள்?

கோட்டிலிருந்து சுவருக்கு

1963-இல் அமெரிக்காவின் எம்ஐடி நிறுவனத்தில் ஐவன் சதர்லேண்ட் என்ற ஆய்வு மாணவர், 'ஸ்கெட்ச்பேட்' என்ற நிரலைத் தம் முனைவர் பட்டத்துக்காக எழுதினார். ஒளிப்பேனாவால் திரையைத் தொட்டுக் கோடு போடலாம். கோடு போட்டதோடு நிற்கவில்லை. "இந்த இரண்டு கோடுகளும் எப்போதும் இணையாகவே இருக்க வேண்டும்" என்று ஒரு நிபந்தனை வைத்தால், ஒன்றை இழுக்கும்போது மற்றொன்றும் கூடவே சரியாகிக்கொள்ளும். படம் வரைபவருக்கும் கணினிக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் பிறந்தது அன்றுதான் என்று நான் வகுப்பில் சொல்வேன். அந்த நிரல் ஓடிய டிஎக்ஸ்-2 கணினி ஒரு பெரிய அறையையே அடைத்துக்கொண்டிருந்தது. 1982-இல் ஆட்டோகேட் வந்தபோதுதான் மேசைக் கணினியில் திட்டப்படம் வரைவது சாதாரண அலுவலகத்துக்கும் கைக்கெட்டியது.

அதே 1982-இல் ஹங்கேரி நாட்டில் நடந்தது எனக்கு இன்னும் பிடித்த கதை. கபோர் போயார் என்பவர் இயற்பியல் படித்தவர். கிராஃபிசாஃப்ட் என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். பாக்ஸ் அணுமின் நிலையத்தின் குழாய்கள் ஒன்றோடொன்று எங்கே இடிக்கின்றன என்பதை முப்பரிமாணத்தில் காட்டித் தர வேண்டும். சக்தி வாய்ந்த மேற்கத்தியக் கணினிகள் அன்றைய கம்யூனிஸ்ட் நாடுகளுக்கு விற்கப்படுவதில்லை. கையில் இருந்தது சின்னக் கணினிகள்தாம். ஆகவே சின்னக் கணினியிலும் ஓடும் அளவுக்கு நிரலை இறுக்கிச் செதுக்கினார்கள். மற்றவர்கள் பெரிய கணினி வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த வேலையை இவர்கள் சிறிய கணினியில் செய்து காட்டினார்கள். அந்தப் பழக்கத்தில் பிறந்ததுதான் இன்று உலகமெங்கும் கட்டடக் கலைஞர்கள் பயன்படுத்தும் ஆர்க்கிகேட். பழைய மடிக்கணினியை வைத்துக்கொண்டு "இதில் என்ன செய்துவிட முடியும்" என்று சலித்துக்கொள்ளும் தம்பி தங்கைகள் இந்த இடத்தை இன்னொரு முறை படிக்கலாம்.

இன்றைய மென்பொருளில் சுவர் என்பது இரண்டு கோடு அன்று. அது தன் நீளம், உயரம், தடிப்பு, எந்தச் செங்கல், எந்த மாடி என எல்லாவற்றையும் தெரிந்து வைத்திருக்கும் ஒரு பொருள். கதவை வைத்தால், தான் எந்தச் சுவரில் இருக்கிறோம் என்பது கதவுக்குத் தெரியும். சுவரை நகர்த்தினால் கதவும் நகரும், செங்கல் எண்ணிக்கையும் மாறும். கட்டடத் தகவல் மாதிரி என்று இதைச் சொல்கிறார்கள், சுருக்கமாக 'பிம்'. நம் நாட்டில் 100 மில்லியன் ரிங்கிட்டுக்கு மேற்பட்ட அரசாங்கக் கட்டுமானத் திட்டங்களில் 2019-இல் இது கட்டாயமாக்கப்பட்டது. சிங்கப்பூர் அதற்கும் முன்னால் 2013-லேயே பெரிய கட்டடங்களுக்கு இந்த வழியில் திட்டத்தைச் சமர்ப்பிக்கச் சொல்லிவிட்டது.

உங்கள் கணக்குப் புத்தகம் உள்ளே இருக்கிறது

சரி, அந்த நிரலாளர் நாள் முழுதும் உட்கார்ந்து என்னதான் எழுதுகிறார்? ஒரு வீட்டைக் கொடுத்துப் பார்ப்போம். தாளில் வரைந்துகொண்டே படியுங்கள்.

'எல்' வடிவ வீடு. மூலைகள் இவை: (0,0), (6,0), (6,4), (3,4), (3,7), (0,7). அளவு மீட்டரில். இதன் பரப்பளவு என்ன? படிவம் 4 கூடுதல் கணிதத்தில் ஆயத்தொலைவுகளை வைத்துப் பல்கோணத்தின் பரப்பளவு காண்பீர்களே, குறுக்கே குறுக்கே பெருக்கிக் கழிக்கும் முறை, அதேதான். ஒவ்வொரு மூலைக்கும் பெருக்கிக் கழித்துக் கூட்டினால் 66 வரும். பாதி 33 சதுர மீட்டர். மென்பொருள் ஓர் அறையின் பரப்பளவை ஓரத்தில் காட்டும்போது உள்ளே நடப்பது இந்தக் கணக்குதான். "இதெல்லாம் எதுக்கு டீச்சர், தேர்வுக்கு மட்டும்தானே" என்று கேட்பவர்களுக்கு என் பதில் இந்த ஒரு பத்தி.

அடுத்த கேள்வி கொஞ்சம் குறும்பானது. பயனர் சுட்டியால் ஒரு புள்ளியைத் தட்டுகிறார். அது வீட்டுக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? நம் கண்ணுக்கு உடனே தெரியும். கணினிக்குக் கண் கிடையாது. அதற்கு ஒரு வழி: புள்ளியிலிருந்து வலப்புறமாக நேர்கோடு ஒன்றை இழுத்து, அது எத்தனை சுவரை வெட்டுகிறது என்று எண்ணச் சொல்லலாம். ஒற்றைப்படை என்றால் உள்ளே. இரட்டைப்படை என்றால் வெளியே. (1,5) என்ற புள்ளியை எடுங்கள். கோடு ஒரே ஒரு சுவரை வெட்டும், புள்ளி உள்ளே. (5,5) என்ற புள்ளிக்கு எந்தச் சுவரும் வெட்டுப்படாது. பூஜ்யம் இரட்டைப்படை, ஆகவே வெளியே. அழகான விதி.

இப்போது (1,4) என்ற புள்ளியை எடுத்துப் பாருங்கள். கோடு ஒரு மூலையைத் தொட்டு, ஒரு சுவரின் மேலேயே படுத்துக்கொண்டு போகிறது. அதை ஒன்று என்று எண்ணுவதா, இரண்டா, மூன்றா? விதி திணறுகிறது. நிரலாளர் இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டும். சுவரின் ஒரு முனை கோட்டுக்கு மேலேயும், மறு முனை கோட்டிலோ அதற்குக் கீழேயோ இருந்தால் மட்டும் எண்ணு என்று எழுதுகிறார். படுத்திருக்கும் சுவர் கழிந்துபோகிறது. (3,4)-இலிருந்து (3,7) வரை போகும் சுவர் மட்டும் கணக்கில் வருகிறது. விடை ஒன்று, புள்ளி உள்ளே. சரியான விடை. பொதுவான நிலைக்கு நிரல் எழுத அரை மணி நேரம் போதும். இப்படி ஓரத்தில் ஒளிந்திருக்கும் நிலைகளைத் தேடிப் பிடிப்பதுதான் மாதக்கணக்கான வேலை.

இன்னொரு தொல்லையும் உண்டு. பைத்தான் மொழியில் 0.1 + 0.2 என்று தட்டிப் பாருங்கள். 0.3 வராது. 0.30000000000000004 என்று வரும். கணினி கெட்டுப்போகவில்லை. மூன்றில் ஒன்றை நாம் தசமத்தில் எழுதப் போனால் 0.3333 என்று முடிவில்லாமல் ஓடுகிறது அல்லவா? இரண்டடிமான எண்முறையில் பத்தில் ஒன்றுக்கு அதே கதிதான். கணினி ஓர் இடத்தில் வெட்டி நிறுத்துகிறது. அந்தத் துளி வித்தியாசத்தால், ஒரே மூலையில் சந்திக்க வேண்டிய இரண்டு சுவர்கள் கணினியின் கணக்கில் சந்திக்காமல் போகலாம். சந்திக்காவிட்டால் அறை மூடப்படவில்லை என்று பொருள். அறையே இல்லை என்றால் பரப்பளவும் இல்லை. ஆகவே "இவ்வளவு தூரத்துக்குள் இருந்தால் ஒரே புள்ளி என்று எடுத்துக்கொள்" என்று ஒரு பொறுதி அளவை நிரலாளர் வைக்கிறார். அதிகம் வைத்தால் உண்மையிலேயே தனித்தனியாக உள்ள இரண்டு புள்ளிகள் ஒட்டிக்கொள்ளும். குறைத்து வைத்தால் சுவர்கள் பிரியும். எவ்வளவு வைப்பது? இதற்குப் பாடநூலில் ஒற்றை விடை கிடையாது. அனுபவம்தான்.

சட்டத்தையும் நிரலாக்கலாம்

நம் நாட்டில் வீடு கட்ட 1984-ஆம் ஆண்டின் சீரான கட்டடத் துணைச் சட்டங்கள் இருக்கின்றன. குடியிருப்பு வீட்டின் முதல் அறை 11 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. இரண்டாவது அறை 9.3, மற்றவை 6.5. இயற்கை வெளிச்சத்துக்காக, சன்னல் பரப்பு அறைத் தரையின் பரப்பில் குறைந்தது 10 விழுக்காடு இருக்க வேண்டும். இந்த விதிகள் ஏதோ அதிகாரிகளின் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். இருட்டான, காற்று வராத அறையில் ஒரு குடும்பம் முழுதும் படுத்து எழுந்த காலத்தைப் பற்றித் தோட்டத்து லயன் வீடுகளில் வளர்ந்த உங்கள் பாட்டி தாத்தாவிடம் கேட்டுப் பாருங்கள். சன்னல் அளவு ஏன் சட்டமாக இருக்க வேண்டும் என்பது என்னைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

இந்த விதியை நிரலாக எழுதினால், வரைபவர் அறையை வரைந்து முடித்ததுமே "சன்னல் போதவில்லை" என்று மென்பொருள் சொல்லிவிடும். எளிதுதானே? 3.6 மீட்டருக்கு 3.1 மீட்டர் அறை ஒன்று. பெருக்கினால் 11.16. முதல் அறைக்கு 11 போதும், தேறிவிட்டது. ஆனால் அந்த 3.6 எங்கிருந்து எங்கே அளந்தது? சுவரின் நடுக்கோட்டிலிருந்து எதிர்ச்சுவரின் நடுக்கோடு வரை என்றால், சுவர்த் தடிப்பைக் கழிக்க வேண்டும். பூச்சோடு சேர்த்துத் தடிப்பு 0.14 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உள்ளளவு 3.46-க்கு 2.96, பெருக்கினால் 10.24. தேறவில்லை. ஒரே அறை, ஒரே படம், இரண்டு தீர்ப்பு. எந்த அளவை எடுப்பது என்று நிரலாளர் ஒரு வரியில் முடிவு செய்கிறார். அந்த வரி ஆயிரம் வீடுகளுக்குப் போகிறது. ஆகவே இந்த வேலையில் இருப்பவர் சட்டத்தையும் படிக்க வேண்டும், கொத்தனார் சுவரை எப்படி எழுப்புகிறார் என்பதையும் பார்க்க வேண்டும். கணினி முன்னால் மட்டும் உட்கார்ந்திருப்பவருக்கு இந்தச் சந்தேகமே எழாது.

ஒவ்வொரு நாட்டுக்கும் சட்டம் வேறு, பொறியியல் தரவிதிகள் வேறு. அதனால்தான் அந்தந்த நாட்டிலேயே மென்பொருள் எழுதுபவர்களுக்கு இடம் இருக்கிறது. 'எஸ்டீம்' என்ற மென்பொருள் மலேசிய நிறுவனம் ஒன்றின் தயாரிப்பு. கான்கிரீட் கட்டடத்தின் தளம், உத்தரம், தூண், அடித்தளம் ஆகியவற்றைக் கணக்கிட்டு வடிவமைக்க இந்நாட்டுப் பொறியாளர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

சென்னையில் கலந்த இரண்டு பாடங்கள்

இரும்புக் கூரைச் சட்டகம் ஒன்றை வடிவமைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து உறுப்புகள். எடை குறைய வேண்டும், ஆனால் உடையக் கூடாது. கடையில் இரும்பு நீங்கள் நினைத்த அளவிலெல்லாம் கிடைக்காது. பட்டியலில் உள்ள அளவுகளில்தான் கிடைக்கும். பட்டியலில் 16 அளவு இருந்தால், பத்து உறுப்புக்கும் சேர்த்து எத்தனை விதமாகத் தேர்ந்தெடுக்கலாம்? 16-ஐப் பத்து முறை பெருக்க வேண்டும். விடை 1,099,511,627,776. வினாடிக்கு ஆயிரம் விதத்தைச் சோதித்தாலும் எல்லாவற்றையும் பார்த்து முடிக்க ஏறக்குறைய 35 ஆண்டுகள் ஆகும். கட்டடம் அதுவரை காத்திருக்காது.

சென்னை ஐஐடியில் கட்டுமானப் பொறியியல் பேராசிரியராக இருந்த சி. எஸ். கிருஷ்ணமூர்த்தியும் எஸ். ராஜீவும் இந்தச் சிக்கலுக்கு உயிரியலிலிருந்து வழி எடுத்தார்கள். மரபணுப் படிமுறை என்ற முறையை அமெரிக்காவின் ஜான் ஹாலண்ட் 1975-இல் தம் நூலில் விளக்கியிருந்தார். அதைக் கட்டமைப்புக்குப் பொருத்தி 1992-இல் இருவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரை, அமெரிக்கக் கட்டுமானப் பொறியாளர் சங்கத்தின் இதழில் வந்தது. பிற்காலத்தில் இத்துறையில் ஆய்வு செய்தவர்கள் தங்கள் விடையை அவர்களின் விடையோடு ஒப்பிட்டுக் காட்டுவது வழக்கமாகிவிட்டது.

நமது பத்து உறுப்புச் சட்டகத்தையே வைத்துப் பார்ப்போம். 16 அளவுகளைக் குறிக்க 0, 1 ஆகிய இரண்டு இலக்கங்களால் ஆன நான்கு இடங்கள் போதும். பத்து உறுப்புக்கு 40 இடங்கள். 0110 1011 என்று நீளும் அந்த வரிசைதான் சட்டகத்தின் 'குரோமோசோம்'. முதலில் குருட்டாம்போக்கில் சில சட்டகங்களை உண்டாக்க வேண்டும். எடை குறைந்தவை பிழைக்கும். தாங்க வேண்டிய பாரத்தைத் தாங்காதவற்றுக்கு அபராதம் விதிக்கப்படும், அவை பின்தங்கும். பிழைத்தவை ஜோடி சேர்ந்து வரிசையின் பாதிகளை மாற்றிக்கொள்ளும். எப்போதாவது ஓர் இடத்தில் 0 என்பது 1 ஆக மாறும்; அது சடுதிமாற்றம். தலைமுறை தலைமுறையாக நல்ல சட்டகங்கள் மேலே வரும். எல்லா விதத்தையும் பார்க்காமலேயே நல்ல விடைக்கு மிக அருகில் போய்விடலாம். படிவம் 4 அறிவியலில் மரபியல் பாடம் படிக்கும்போது, இதற்கும் இரும்புக் கூரைக்கும் உறவு இருக்கிறது என்று யாராவது உங்களுக்குச் சொன்னார்களா?

அந்தக் கட்டுரையில் எனக்குப் பிடித்தது வேறொன்று. மூன்றே உறுப்பு உள்ள எளிய சட்டகத்தை எடுத்து, மூன்று தலைமுறைகளின் கணக்கு முழுவதையும் அட்டவணையாகப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள், படிப்பவருக்கு எளிதில் புரியட்டும் என்று. ஆய்வாளர்கள் எல்லாரும் இப்படிச் செய்வதில்லை. ஆசிரியராக இருப்பதால் எனக்கு அது உடனே கண்ணில் பட்டது.

கடலில் மூழ்கிய கணக்கு

இந்த வேலையின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நார்வே நாட்டில் ஸ்லைப்னர் ஏ என்ற கடல் எண்ணெய், எரிவாயு மேடைக்குக் கான்கிரீட்டில் பிரம்மாண்டமான அடித்தளம் ஒன்றைக் கட்டினார்கள். 1991 ஆகஸ்ட் 23 அன்று அதைச் சோதனைக்காக நீருக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். 65 மீட்டர் ஆழத்தில் ஓர் உட்சுவர் பிளந்தது. நீர் புகுந்து, அடித்தளம் முழுதும் மூழ்கி, கடலடியில் மோதி நொறுங்கியது. அந்த அதிர்வு நிலநடுக்க மானியில் 3.0 என்று பதிவானது. உயிர்ச் சேதம் இல்லை. பணச் சேதம் ஏறக்குறைய 700 மில்லியன் அமெரிக்க டாலர்.

மென்பொருள் பெயர்பெற்றது, பலரும் நம்பிப் பயன்படுத்தியது. அதற்குக் கொடுத்த கண்ணிதான் கரடுமுரடாக இருந்தது. கட்டமைப்பைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்துத்தான் கணினி கணக்குப் போடும். துண்டு பெரிதாக இருந்தால் விடை உண்மையிலிருந்து விலகும். வட்டத்துக்குள் அறுகோணம் வரைந்து பாருங்கள். அறுகோணத்தின் பரப்பு வட்டத்தைவிட 17 விழுக்காடு குறைவு. அதே வட்டத்துக்குள் 24 பக்கம் உள்ள பல்கோணத்தை வரைந்தால் வித்தியாசம் 1 விழுக்காட்டுக்குச் சற்று மேல்தான். ஸ்லைப்னர் சுவரில் இருந்த வெட்டுத் தகைவு, இப்படிப்பட்ட கரடான பிரிப்பால் உண்மையைவிட 47 விழுக்காடு குறைவாக வந்துவிட்டது. சுவரை மெல்லியதாகக் கட்டிவிட்டார்கள். விபத்துக்குப் பிறகு கண்ணியை நெருக்கிப் போட்டுக் கணக்கிட்டபோது, 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்று விடை வந்தது. உடைந்தது 65-இல்.

இதில் நிரலாளருக்கு என்ன பங்கு என்று நீங்கள் கேட்கலாம். துண்டுகளைப் பிரித்துக் கொடுத்தவர் பொறியாளர்தானே? உண்மைதான். ஆனாலும் வண்ண வண்ணமாக, பத்துத் தசம இடம் வரை விடையைக் காட்டும் திரையைப் பார்த்தால் யாருக்கும் நம்பிக்கை வந்துவிடும். "இங்கே துண்டு பெரிதாக இருக்கிறது, இந்த விடையை நம்ப வேண்டாம்" என்று எச்சரிப்பதும் மென்பொருளின் கடமை என்பது என் கருத்து. இன்று நல்ல மென்பொருள்களில் அப்படிப்பட்ட சோதனைகள் இருக்கின்றன. அவற்றை எழுதவும் ஆள் வேண்டும்.

சரிபார்ப்பது தனி வேலையாகவே இருக்கிறது. 6 மீட்டர் நீள உத்தரம், இரண்டு முனையிலும் தாங்கல், மீட்டருக்கு 10 கிலோநியூட்டன் பாரம். நடுவில் வளைவுத் திருப்புத்திறன் எவ்வளவு? பாரத்தை நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கி எட்டால் வகுத்தால் 45 கிலோநியூட்டன் மீட்டர். கையாலேயே போடக்கூடிய கணக்கு. மென்பொருளில் யாராவது ஒரு வரியை மாற்றும் ஒவ்வொரு முறையும் இப்படிப்பட்ட நூற்றுக்கணக்கான கைக்கணக்குகளைத் தானாக ஓட்டிப் பார்ப்பார்கள். 45 வர வேண்டிய இடத்தில் 44.9 வந்தாலும் அந்த மாற்றம் வெளியே போகாது.

எந்த வழியில் போவது?

கூடுதல் கணிதத்தை விட்டுவிடாதீர்கள். இதை நான் கெஞ்சலாகவே சொல்கிறேன், ஏனென்றால் படிவம் 4-இல் முதல் மூன்று மாதத்திலேயே அதைக் கைவிடும் நல்ல மாணவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆயத்தொலை வடிவியலும் வெக்டரும் இந்தத் தொழிலின் அன்றாடச் சோறு. படிவம் 5 கணிதத்தில் வரும் அணிகள் அதற்குக் குழம்பு. இயற்பியலும் கணினி அறிவியலும் எடுக்க முடிந்தால் எடுங்கள்.

பிறகு இரண்டு வாசல்கள். கணினிப் பக்கமாக நுழைபவர்கள் டுரியான் துங்காலில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மலாக்கா, ஆயர் குரோ பக்கம் உள்ள மல்டிமீடியா பல்கலைக்கழகம் என்று நம் மாநிலத்திலேயே படிக்கலாம். கட்டுமானப் பக்கமாக நுழைபவர்களுக்கு மெர்லிமாவ் பாலிடெக்னிக்கின் டிப்ளோமா இருக்கிறது. பட்டப் படிப்புக்கு ஸ்கூடாய் இருக்கிறது. என்னைக் கேட்டால், கட்டுமானம் படித்துவிட்டு நிரல் எழுதக் கற்றுக்கொள்பவருக்கு இந்தத் துறையில் மதிப்பு அதிகம். சுவர் எப்படி நிற்கிறது என்று தெரிந்தவர் நிரலைக் கற்றுக்கொள்ளலாம். மறுபக்கம் வருவது இன்னும் கொஞ்சம் கடினம். சி++, சி ஷார்ப், பைத்தான் ஆகிய மூன்று மொழிகளும் இந்தத் துறையில் அதிகம் புழங்குகின்றன. தொடங்குவதற்குப் பைத்தான் போதும்.

காத்திருக்கவும் தேவையில்லை. ஃப்ரீகேட் என்ற மென்பொருள் இலவசம். அதன் 1.0 பதிப்பு 2024 நவம்பரில் வந்தது. கட்டடங்களுக்கான கருவிகளும் உள்ளேயே இருக்கின்றன. வீட்டில் இணையம் சரியில்லை என்றால் பள்ளிக் கணினிக் கூடத்தில் ஒரு முறை பதிவிறக்கி விரலியில் எடுத்துப் போனால் போதும். பிறகு இணையம் இல்லாமலே ஓடும். அதன் மூல நிரலை யாரும் திறந்து பார்க்கலாம். புள்ளி உள்ளேயா வெளியேயா, பொறுதி எவ்வளவு என்பது போன்ற கேள்விகளுக்கு அதை எழுதியவர்கள் என்ன விடை கண்டார்கள் என்று அங்கே தேடிப் பார்க்கலாம்.

முதல் வேலையாக இதைச் செய்யுங்கள். ஓர் அளவு நாடாவை எடுத்து, நீங்கள் தூங்கும் அறையை அளங்கள். உள்ளளவு, சுவரிலிருந்து சுவர் வரை. சன்னலையும் அளங்கள். அறையை ஃப்ரீகேட்டில் எழுப்புங்கள். பிறகு பைத்தானில் நான்கைந்து வரி எழுதி, சன்னல் தரையில் 10 விழுக்காடு இருக்கிறதா என்று கேளுங்கள். அது முடிந்தால், செங்கல்லையும் எண்ணச் சொல்லுங்கள். நம் ஊர் செங்கல்லில் ஒற்றை வரிசைச் சுவருக்குச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 60 கல் போகும். 6 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், அதில் 1.2-க்கு 1.5 மீட்டர் சன்னல் என்றால் 972 கல் வர வேண்டும். உங்கள் நிரல் 1,080 என்று சொன்னால், சன்னலைக் கழிக்க அதற்கு நீங்கள் இன்னும் சொல்லித் தரவில்லை.